வெளிநாட்டுச் சிறு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி? மதுரைப் பக்கத்துப் புதியவர்களுக்கு

உசிலம்பட்டி, சேடப்பட்டி, பேரையூர்ப் பக்கம் சபையைச் சார்ந்தும் தனி டிரஸ்ட்டாகவும் ஊர் வேலை செய்கிற சிறு குழுக்கள் உண்டு. இங்கிலாந்தில் இருக்கிற ஏதோ ஒரு சின்னக் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்துக்கு இப்படி ஒரு குழுவை யாராவது அறிமுகப்படுத்துவார்கள். "உங்கள் ஊருக்கு என்ன தேவை என்று எழுதி அனுப்புங்கள்" என்று மெயில் வரும். பெரும்பாலான குழுக்கள் அன்று ராத்திரியே ஐந்து பக்கத்துக்குத் தேவைகளை அடுக்கி அனுப்பிவிடுகின்றன. அவசரப்படாதீர்கள். பதில் எழுதும் முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது.

அந்தப் பக்கம் இருப்பவர்கள் யார்

சின்னத் தொண்டு நிறுவனம் என்றால் நகரத்தில் கட்டடமும் இருபது ஊழியர்களும் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அரைநேரச் சம்பளத்துக்கு ஒருவர் இருந்தாலே பெரிது. டிரஸ்டிகள் ஊதியம் வாங்காமல், வேறு வேலை பார்த்துக்கொண்டே இதையும் பார்க்கிறவர்கள். பணம் சபைகளில் எடுக்கிற காணிக்கையிலிருந்தும், ஓய்வூதியக்காரர்கள் மாதந்தோறும் தருகிற சிறு தொகையிலிருந்தும் வருகிறது. அங்கே வருமான வரி கட்டுகிற ஒருவர் 1 பவுண்டு கொடுத்து அதற்கான படிவத்தில் கையெழுத்திட்டால், நிறுவனம் அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் பெற்றுக்கொள்ளலாம். அதனால் ஒவ்வொரு காசுக்கும் கொடுத்தவருக்கும் அரசுக்கும் அவர்கள் கணக்குக் காட்டியாக வேண்டும். உங்களிடம் பில்லும் போட்டோவும் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். பெரிய நிறுவனம் பத்துத் திட்டங்களில் ஒன்று தோற்றால் தாங்கிக்கொள்ளும். சின்ன நிறுவனத்துக்கு மொத்தமே மூன்று நான்கு திட்டங்கள்தான். உங்கள் ஊரில் ஒன்று கெட்டால் அங்கே ஒரு சபையே மனம் விட்டுப்போகும். கீழே சொல்கிற ஒவ்வொரு படிக்கும் காரணம் இதுதான்.

அவர்களை நீங்களும் சரிபார்க்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் பதிவான நிறுவனம் என்றால் பதிவு எண்ணைக் கேளுங்கள். தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கிற, அங்குள்ள சாரிட்டி கமிஷனின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் டிரஸ்டிகளின் பெயர், வரவு செலவு, கணக்கை நேரத்துக்குத் தாக்கல் செய்தார்களா என்பது எல்லாம் யாருக்கும் தெரியும். நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் அவர்கள் கணக்குக் கொடுக்க வேண்டும். தொடர்ந்து தாமதம் என்று காட்டினால் காரணம் கேட்பதில் தப்பில்லை.

"ஃபாரின் ஃபண்ட் வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கமிஷன்" என்று வருகிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். "உங்களுக்குப் பெரிய தொகை ஒதுக்கியாயிற்று, புராசஸிங் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று வரும் மெயிலும் மோசடிதான். உண்மையான எந்தத் தொண்டு நிறுவனமும் பெறுகிறவரிடம் முன்பணம் கேட்பதில்லை.

சட்டம்: இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்

வெளிநாட்டிலிருந்து பொதுக் காரியத்துக்கு ஒரு ரூபாய் வாங்குவதென்றாலும் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். எல்லோரும் எஃப்.சி.ஆர்.ஏ. என்று சொல்வது இதைத்தான். டிரஸ்ட் பதிவு, பான் கார்டு, வருமான வரி விலக்கு இவை இருந்தால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. அவை வேறு, இது வேறு.

அனுமதிக்கு இரண்டு வழி. முழுப் பதிவு வேண்டுமென்றால் உங்கள் அமைப்பு குறைந்தது மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவு செய்திருக்க வேண்டும். புதிய, சிறிய குழுவுக்கு இது எட்டாது. அவர்களுக்கு உள்ளது முன் அனுமதி. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்திடமிருந்து, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, ஒரு குறிப்பிட்ட தொகை பெற மட்டும் கிடைக்கிற அனுமதி அது. தொகையையும் நோக்கத்தையும் எழுதிய உறுதிக் கடிதத்தை அந்த நிறுவனம் தர வேண்டும். திட்ட அறிக்கையையும் சேர்த்து ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் தலைமைப் பொறுப்பாளர் அந்த வெளிநாட்டு நிறுவனத்தில் அங்கம் வகிக்கக் கூடாது. இரண்டு வழிக்கும் முதலில் தொண்டு அமைப்புகளுக்கான மத்திய அரசின் தர்பன் தளத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இந்த வேலைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பழக்கமுள்ள ஆடிட்டரையே பிடியுங்கள். கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. பார்க்கிற ஆடிட்டர் நல்லவராக இருக்கலாம், ஆனால் இந்தப் படிவங்கள் அவருக்குப் புதிதாக இருக்கும்.

அனுமதி வருகிறவரைக்கும் பணம் வாங்கக் கூடாது. இந்த இடைவெளியில்தான் குறுக்கு வழிகள் கண்ணில் படும். போதகரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்வது, வந்திருக்கும் விருந்தாளியிடம் பவுண்டாகக் கையில் வாங்குவது, பதிவுள்ள பெரிய அமைப்பின் கணக்கில் போட்டு நமக்கு மாற்றித் தரச் சொல்வது. மூன்றும் கூடாது. மூன்றாவது 2020 வரை ஓரளவு நடந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள அமைப்பு இன்னொரு பதிவுள்ள அமைப்புக்குக்கூட வெளிநாட்டுப் பணத்தை மாற்ற முடியாது. பெரிய அமைப்பே திட்டத்தை நேரடியாக நடத்தி, உங்கள் ஊர் ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து, பில்லுக்குத் தானே பணம் கொடுத்தால் அது சரி. அனுபவமில்லாத குழுவுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் இப்படிப் போவதே நல்லது.

சொந்தக்காரர்கள் விஷயமும் குழப்பும். துபாயில் வேலை பார்க்கிற உங்கள் சபைப் பிள்ளை இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அனுப்பினால், அவர் பிறந்தது மேலூராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். ரசீது போடும் முன் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்டுவிடுங்கள்.

அனுமதி கிடைத்தபின் மறக்கக் கூடாதவை. பணம் முதலில் வந்து சேர வேண்டிய இடம் புது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கு ஒன்றுதான். அதற்காக டெல்லி போக வேண்டியதில்லை, இங்குள்ள ஸ்டேட் வங்கிக் கிளை மூலமே தொடங்கலாம். அங்கிருந்து மதுரையில் ஒரு பயன்பாட்டுக் கணக்குக்கு மாற்றிச் செலவு செய்யலாம். இந்தக் கணக்குகளில் உள்ளூர்க் காணிக்கை ஒரு ரூபாய்கூடக் கலக்கக் கூடாது. வட்டியும் வெளிநாட்டுப் பணமாகவே கணக்காகும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அலுவலக வாடகை, ஆடிட்டர் கட்டணம், நிர்வாகிகள் சம்பளம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஆண்டுக் கணக்கு எஃப்.சி-4 படிவத்தில் டிசம்பர் 31-க்குள் போக வேண்டும். அந்த ஆண்டு பணமே வராவிட்டாலும் பூஜ்யம் என்று தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினாலோ முகவரி மாறினாலோ 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். முழுப் பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்கும் விண்ணப்பம் காலாவதிக்கு நான்கு மாதம் முன்பே போய்விட வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால் அமைச்சகத்தின் தளத்தில் அறிவிப்புப் பகுதியை மாதம் ஒருமுறை பார்ப்பதற்கென்று ஓர் ஆளை நியமியுங்கள்.

என்ன வேலை செய்வது

முதல் திட்டம் சிறியதாக, ஒரே வேலையாக, ஒன்றரை ஆண்டில் பலன் எண்ணிப் பார்க்கக் கூடியதாக இருக்கட்டும். பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம் என்று தொடங்காதீர்கள். கட்டடம் கட்டப் பணம் தருகிறவர்கள் கிடைப்பார்கள், ஆண்டாண்டுக்கும் சம்பளம் தருகிறவர்கள் கிடைக்க மாட்டார்கள். காப்பகத்துக்குச் சிறார் நீதிச் சட்டப்படி தனிப் பதிவும் வேண்டும்.

மேற்கு மதுரையின் மானாவாரி ஊர்களுக்குப் பொருந்தும் ஒன்றை எடுத்து விவரமாகப் பார்க்கலாம்: வெள்ளாடு. திட்டத்தில் ஆடு பெற்ற குடும்பம், பிறக்கிற பெட்டைக் குட்டியில் ஒன்றை அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்கிற முறை. அமெரிக்காவில் சர்ச் ஆஃப் த பிரதரன் என்ற சபையைச் சேர்ந்த டான் வெஸ்ட் முன்னின்று தொடங்கிய ஹெய்ஃபர் அமைப்பு 1944-லிருந்து மாடுகளை வைத்து இதைச் செய்துவந்தது. வெளிநாட்டுச் சபைகளுக்கு இது எளிதில் புரியும். நம் ஊரிலும் வாரத்துக்கு, அதாவது குட்டியில் பங்கு என்ற பேச்சில், ஆடு விடும் பழக்கம் இருப்பதால் மக்களுக்கும் புதிதில்லை.

25 குடும்பங்கள், ஆளுக்கு 3 பெட்டை என்றால் 75 ஆடு. 20 முதல் 25 பெட்டைக்கு ஒரு கிடா வேண்டும், ஆக 4 கிடா வாங்குங்கள். ஒன்று செத்தாலும் தாங்கும். கிடாவை யார் பராமரிப்பது என்று வாங்கும் முன்பே முடிவாக வேண்டும். பொதுக் கிடா என்றால் யாரும் தீனி போட மாட்டார்கள். வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு பெட்டை கூடுதலாகக் கொடுத்தால் கவனிப்பார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடாவை அடுத்த ஊர்க் கிடாவோடு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்து குட்டிகள் நோஞ்சானாகும்.

கொட்டகைக்குப் பெரிய ஆட்டுக்கு 10 சதுர அடி, குட்டிக்கு 5 சதுர அடி கணக்கு. மூன்று ஆடும் அவற்றின் குட்டிகளும் இருக்க 10-க்கு 6 அடி போதும். தரையை ஓரடி உயர்த்திக் கட்டுங்கள். ஐப்பசி மழையில் ஈரத்தில் நிற்கிற ஆட்டுக்குத்தான் குளம்பு அழுகலும் சளியும் வரும். கொட்டகையைப் பயனாளியே போட வேண்டும், திட்டம் கூரைத் தகடு மட்டும் தரலாம். கொட்டகை போடாத வீட்டுக்கு ஆடு இறங்கக் கூடாது. இந்த ஒரு விதியை விடாமல் பிடித்தாலே பாதித் தொல்லை இல்லை.

தீனிதான் உண்மையான கேள்வி. ஒரு ஆட்டுக்கு நாளைக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தழை வேண்டும். சித்திரை, வைகாசியில் மேய்ச்சலில் அது கிடைக்காது. அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா ஆகியவற்றை வீட்டுக்கு இருபது முப்பது என்று புரட்டாசி, ஐப்பசி மழையில் நட்டுவிடுங்கள். ஆடு அதற்குப் பிறகுதான் வர வேண்டும். மரம் நடாமல் ஆடு கொடுத்த இடங்களில் கோடையில் பக்கத்துத் தோட்டத்தில் ஆடு இறங்கும், ஊரில் சண்டை வரும், திட்டத்தின் பெயரும் அதோடு கெடும். மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்களிடம் முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள்.

வாங்கும் நேரத்தையும் யோசியுங்கள். தீபாவளி, பொங்கல், பக்ரீத்துக்கு முன்னால் திருமங்கலம் ஆட்டுச் சந்தையில் விலை ஏறிவிடும். பொங்கல் கழிந்து தை, மாசியில் வாங்கினால் விலை இறங்கியிருக்கும், மழைத் தழையும் மிச்சமிருக்கும், புது ஆடு மழையில் நனையவும் நேராது. இரண்டு பல் முளைத்த, ஒரு ஈற்று ஈன்ற பெட்டையாகப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே சந்தையில் ஒரே நாளில் வாங்குவது ஆபத்து. ஒரு நோயாளி ஆடு மொத்தத்தையும் கெடுத்துவிடும். கூடுமானவரை பக்கத்து ஊர் வீடுகளிலேயே வாங்குங்கள். வந்த ஆடுகளை 21 நாள் தனியே வைத்துப் பார்த்தபின் கொடுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி உண்டு, ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டு தாங்கும். குட்டிகளுக்கு மூன்று மாதத்துக்குமேல் போடலாம். துள்ளுமாரி நோய்க்கு ஆண்டுதோறும் மழைக்கு முன் போட வேண்டும். குடற்புழு மருந்து மழைக்கு முன்னும் பின்னும். இன்சூரன்ஸ் செய்தால் காதில் போடுகிற டேக் கிழிந்து விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். டேக் இல்லாத ஆட்டுக்கு இழப்பீடு வாங்குவது நடக்காது.

சினைக்காலம் ஐந்து மாதம். இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று எதிர்பார்க்கலாம். பால் மறந்து, தடுப்பூசி போட்ட பெட்டைக் குட்டி ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் அடுத்த குடும்பத்துக்குத் தர வேண்டும் என்று எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். "குட்டி செத்துப்போச்சு" என்று சொன்னால்? செத்த அன்றே ஊர் மகளிர் குழுவின் தலைவிக்குச் சொல்லிக் காட்ட வேண்டும் என்ற விதி முதலிலேயே இருக்கட்டும்.

யாருக்குக் கொடுப்பது

இந்த இடத்தில் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். பட்டியல் எழுதும்போது நம் சபைக்காரர்கள், நம் தெரு, நம் சாதி என்று பேனா தானே போகும். செஞ்சிலுவை இயக்கமும் பெரிய தொண்டு அமைப்புகளும் 1994-ல் வகுத்த நடத்தை நெறி, உதவி தேவையை மட்டும் பார்த்துத் தரப்பட வேண்டும், மதத்தையோ அரசியலையோ வளர்க்கக் கருவியாகக் கூடாது என்கிறது. கிறிஸ்தவ நிறுவனம் என்பதால் இதை இரண்டு மடங்கு கவனமாகக் கடைப்பிடிக்க வேண்டும். ஆடு கொடுக்கும் நாளில் ஜெபக்கூட்டம் வைக்காதீர்கள். சபைக்கு வந்தால்தான் கிடைக்கும் என்ற பேச்சு ஊரில் ஒருமுறை கிளம்பினால், உண்மையோ பொய்யோ, அதன்பின் அந்தப் பக்கம் யாரும் வேலை செய்ய முடியாது. அதைவிட முக்கியமாக, பசித்தவர்மேல் நிபந்தனை வைத்துக் கொடுப்பது அன்பு ஆகாது.

நடைமுறையில்: நிலமில்லாதவர், விதவை, மாற்றுத்திறனாளி உள்ள வீடு என்று மூன்று நான்கு அளவுகோல்களை ஊர்க் கூட்டத்தில் மக்களையே சொல்லவைத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பட்டியலையும் ஒட்டி ஒரு வாரம் ஆட்சேபம் கேளுங்கள். ஆடு மேய்க்க ஆள் இல்லாத வயதான அம்மாவுக்கு ஆடு கொடுத்தால் அது பாரம். அவருக்கு வேறு உதவி யோசியுங்கள்.

திட்டமும் பட்ஜெட்டும்

எழுதுவது நான்கு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஊர், எத்தனை குடும்பம், என்ன செய்யப் போகிறோம், மாதவாரியாக எப்போது, எவ்வளவு, எது கெட்டுப்போகலாம், அப்போது என்ன செய்வோம். கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். எது கெடலாம் என்று முன்கூட்டி எழுதுகிற குழுவை டிரஸ்டிகள் அதிகம் நம்புவார்கள்.

பட்ஜெட்டை ரூபாயில் போடுங்கள். பவுண்டில் போட்டால் பணம் வருகிற நாளில் மாற்று விகிதம் இறங்கியிருந்தால் ஆடு குறையும். ஆட்டு விலைக்குச் சந்தையில் உயிர் எடைக்குக் கிலோ என்ன விலை என்று மூன்று பேரிடம் கேட்டு எழுதி வையுங்கள். போக்குவரத்து, தடுப்பூசி, இன்சூரன்ஸ், 21 நாள் தீனி, களப்பணியாளர் பெட்ரோல், ஆடிட்டர் கட்டணம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஆடிட்டர் கட்டணத்தைப் பட்ஜெட்டில் போடக் கூச்சப்பட்டு, பிறகு ஆட்டுப் பணத்தில் கைவைப்பது பல இடங்களில் நடக்கிறது. மக்களின் உழைப்பையும் தனிக் கட்டத்தில் மதிப்பிட்டு எழுதுங்கள். பணத்தை இரண்டு தவணையாகக் கேளுங்கள்: கொட்டகைத் தகட்டுக்கும் மரக்கன்றுகளுக்கும் முதலில், ஆட்டுக்குப் பிறகு.

செலவில் ஒரு விதி: ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வரிக் கணக்கில் அந்தச் செலவு நிற்காது. வீட்டில் ஆடு வாங்கும்போது பில் கிடைக்காது. விற்றவர் பெயர், ஊர், போன், ஆட்டின் அடையாளம், எடை, விலை எழுதிய வவுச்சரில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, ஆட்டோடு ஒரு போட்டோ எடுங்கள். முடிந்தால் ஜி.பே.யிலோ வங்கியிலோ கொடுங்கள். காசோலையில் கையெழுத்துப் போடுகிற இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது.

அவர்கள் பார்க்க வரும்போது

தை, மாசியில் வரச் சொல்லுங்கள், வெயில் தாங்குவார்கள், ஆடு கொடுக்கிற நேரமும் அதுதான். போதகர் வீட்டில் தங்கினாலும், வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரப் படிவத்தை (முன்பு படிவம் சி) ஆன்லைனில் நிரப்பியாக வேண்டும். சுற்றுலா விசாவில் வருபவர் சம்பளமில்லாமல் ஒரு மாதம்வரை தன்னார்வ வேலை செய்யலாம். ஆனால் பிரசங்கம் செய்யக் கூடாது. ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்து பாடலாம், ஜெபிக்கலாம். பாசத்தில் பிரசங்க பீடத்துக்கு அழைத்துவிட்டால் விசா சிக்கல் அவருக்கும் உங்களுக்கும் சேர்ந்து வரும்.

மாலை, பொன்னாடை, ஃபிளெக்ஸ் பேனர் வேண்டாம். வருகிறவர்களுக்கு அது சங்கடம். பயனாளிகளை வரிசையில் நிறுத்தி நன்றி சொல்லவைப்பதும் வேண்டாம். இரண்டு கொட்டகை நன்றாக இருப்பதையும் ஒன்று சரியில்லாததையும் சேர்த்தே காட்டுங்கள். விருந்தாளி ஊரில் யாருக்காவது உணர்ச்சிவசப்பட்டு வாக்குக் கொடுக்கப் போனால், மொழிபெயர்க்கிறவர் அந்த இடத்திலேயே மெதுவாகத் தடுக்க வேண்டும்.

குழந்தைகளோடு யாரையும் தனியே விடக் கூடாது. குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கட்டும். போக்சோ சட்டத்தில் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம் என்பதை எல்லாப் பணியாளரும் அறிந்திருக்க வேண்டும்.

அறிக்கை

இங்கிலாந்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை செப்டம்பர், அக்டோபரில் வரும். அப்போதுதான் காணிக்கை எடுப்பார்கள். உங்கள் அறிக்கை ஆகஸ்ட் முடிவதற்குள் அங்கே இருந்தால் அவர்களுக்குப் பெரிய உதவி. இரண்டு பக்கம், ஆறு போட்டோ போதும். கொடுத்த ஆடு எத்தனை, உயிரோடு எத்தனை, செத்தது எத்தனை, எதனால், விற்றது எத்தனை, பிறந்த குட்டி, கைமாறிய குட்டி. "வாழ்க்கையே மாறிவிட்டது" என்பதைவிட "மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இரண்டு கிடாக்குட்டி விற்றார்" என்பது நம்பத்தக்கது. போட்டோவுக்குச் சம்மதம் கேளுங்கள், அது இணையத்தில் வரும் என்பதையும் சொல்லுங்கள். குழந்தையின் முகமும் பெயரும் ஊரும் ஒன்றாக வரக் கூடாது. அழுகிற படம், கிழிந்த சட்டைப் படம் தேடி எடுக்காதீர்கள். அந்த அம்மா நாளை அதைப் பார்த்தால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும்.

கெட்ட செய்தியை அறிக்கைக்கென்று வைத்திருக்காமல் அந்த வாரமே சொல்லுங்கள். பத்து ஆடு செத்தால் மருத்துவரின் சான்றோடு எழுதுங்கள். பணியாளர் கணக்கில் கைவைத்தால், விசாரணை முடியாவிட்டாலும், தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்லுங்கள். ஆடு போனதை டிரஸ்டிகள் மன்னிப்பார்கள். ஆறு மாதம் மறைத்து வைத்ததை ஏற்க மாட்டார்கள்.

திட்டம் முடியும்போது மிச்சமான பணத்தை, வட்டியோடு, என்ன செய்யலாம் என்று எழுத்தில் கேட்டுப் பதில் வந்தபிறகே தொடுங்கள். முன் அனுமதியில் வந்த பணமென்றால் அனுமதித்த நோக்கத்துக்கு வெளியே அவர்களே சம்மதித்தாலும் செலவிட முடியாது. கிடாக்கள், எடைத் தராசு, மருந்துப் பெட்டி யாரிடம் இருக்கின்றன என்று பட்டியல் போட்டு மகளிர் குழுவின் கையெழுத்தோடு ஒரு நகல் அங்கே, ஒரு நகல் ஊரில் வையுங்கள். இரண்டாம் சுற்றுக் குட்டி வாங்க வேண்டிய குடும்பங்களின் பெயரும் அந்தப் பட்டியலின் அடியிலேயே இருக்கட்டும்.